கடலூரில் இருந்துகொண்டு ஜெயகாந்தன் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா?

கடலூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 47. அலுவலக வேலை. மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு சாயங்காலங்கள் காலியாகிவிட்டன. புதுச்சேரியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் வாசகர் வட்டம் ஒன்றில் போன வருடம் சேர்ந்தார். 'கட்டாயம் படிக்க வேண்டியவை' என்று அங்கே கொடுத்த பட்டியலை வரிசையாக எடுத்தார். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 150ஆம் பக்கத்தில் நின்றுவிட்டது. யார் யாரென்றே பிடிபடவில்லை. 'பொன்னியின் செல்வன்' மூன்றாவது முறையாக இரண்டாம் பாகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை மட்டும் முடித்துவிட்டார். முடித்ததும் வந்தது கோபம்தான்.

"எனக்கு இது பிரசங்கம் கேட்ட மாதிரி இருந்தது" என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். மூத்த உறுப்பினர் ஒருவர், "கடலூர்க்காரங்களே ஜே.கே.வைப் பிடிக்கலைன்னா எப்படிம்மா? உங்களுக்கு மாத நாவல்தான் சரிப்படும்" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பேச்சை மாற்றுவதற்கோ என்னவோ, ஒருங்கிணைப்பாளர் "அடுத்த மாதம் நீங்களே இதைப் பற்றி 15 நிமிடம் பேசுங்களேன்" என்று சொல்லிவிட்டார். அது மரியாதையா தண்டனையா என்று வாசகிக்கு இன்னும் புரியவில்லை. என் ரசனை மட்டமா? வயசாகி மூளை மந்தமாகிவிட்டதா? பிடித்தமாதிரி பேசிவிட்டு வந்துவிடலாமா, வட்டத்தை விட்டே விலகிவிடலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

கடைசிப் பக்கத்தில், "இதையும் சொல்லிவிடுகிறேன்" என்று தொடங்கி அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பா காட்டுமன்னார்கோவில் பக்கம் ஓடிய பஸ்ஸில் நடத்துநர். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் மறுபடியும் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, சணலால் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார். மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் டிக் போட்டிருக்கிறார். "அப்பா ரசித்த இடங்களில்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சில டிக் வாக்கியத்துக்கு நடுவில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று எத்தனை தடவை படித்தாலும் விளங்கவில்லை. அவருக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது."

அன்புள்ள வாசகிக்கு,

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி மூன்று பக்கமும் அப்பாவைப் பற்றி அரைப் பக்கமும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த அரைப் பக்கத்துக்காகத்தான் இந்தக் கடிதமே எழுதப்பட்டது என்று படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட வரிசையிலேயே போவோம்.

ரசனை மட்டமா?

இந்தக் கேள்வியோடு என் அறைக்கு நேரில் யாரும் வந்ததில்லை. ஆனால் இதே கேள்வி வேறு வேஷத்தில் அடிக்கடி வரும். "எல்லோருக்கும் பிடிக்கிற ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை, என்னிடம் ஏதோ குறை" என்பார்கள். கல்யாணச் சாப்பாட்டில் தொடங்கி கைக்குழந்தை வரை இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

டால்ஸ்டாய்க்கு ஷேக்ஸ்பியர் பிடிக்காது. லேசாகப் பிடிக்காமல் போனதல்ல. ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் ஜெர்மனிலும் மாற்றி மாற்றிப் படித்தார். தன்னிடம்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் படித்தார். 75 வயதில் மறுபடியும் முழுக்கப் படித்துவிட்டு, அதே வெறுப்பும் சலிப்பும்தான் வருகிறது என்று நீண்ட கட்டுரையாகவே எழுதினார். அது 1906இல் வெளிவந்தது. அவரை மறுத்து 1947இல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக டால்ஸ்டாயின் ரசனை மட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஷேக்ஸ்பியருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் வரலாற்றைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக விளக்கும் இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேனே. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை 20களில் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் பாதியில் விட்டேன். கதாநாயகன் பாபு மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. 40 தாண்டிய பிறகு ஒரு மழைக்காலத்தில் எடுத்தேன். அவனுடைய சங்கீத குரு ரங்கண்ணா வரும் பக்கங்களை விட்டு எழுந்திருக்கவே மனசில்லை. புத்தகம் மாறவில்லை. நான் புத்திசாலி ஆகிவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். வேறு ஆளாகியிருந்தேன், அவ்வளவுதான். இப்படி உங்களுக்கும் நடந்தே தீரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நடக்காமலும் போகலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "எனக்கென்னவோ இந்தப் புத்தகங்களை யாருமே உண்மையில் ரசித்திருக்க மாட்டார்கள், சும்மா ஊதிப் பெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது." இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது உங்களைப் பற்றிய செய்தி. அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மற்றவர்கள் நடிக்கிறார்கள் என்பது அவர்களைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு உங்களிடம் சாட்சி இல்லை. எதிர்ச்சாட்சி வேண்டுமானால் இருக்கிறது. வேலை முடிந்து வந்து, பக்கத்தைக் கிழியாமல் பிரித்து, சணல் கோத்துத் தைத்த ஒரு மனிதர் யாருக்காக நடித்திருப்பார்?

மூளை மந்தமா?

இல்லை என்பதற்கு ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நாவலை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு, அதில் வரும் தெருக்களைப் பார்ப்பதற்காகவே கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் புதுச்சேரி போனதாக எழுதியிருக்கிறீர்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரி, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எடுத்த ஏகப்பட்ட பாத்திரங்கள், ஏகப்பட்ட அரசியல். அதைப் பின்தொடர முடிந்த மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பவர் சோதித்து எவ்வளவு நாளாயிற்று? 40க்கு மேல் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் மெல்ல மெல்லக் குறையும். பழைய தொடர்கதைப் பக்கத்தின் பொடி எழுத்தில் கண் களைத்துப் போவதை மனம் 'சலிப்பு' என்று கணக்கு எழுதிவிடும். அடுத்தது தூக்கம். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் தூக்கம் கெடுவதும் கவனம் நழுவுவதும் பல பெண்களுக்கு உண்டு. ராத்திரி 11 மணிக்கு மேல், பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 20 வயதுப் பெண்ணுக்கும் அந்த நேரத்தில் ரஷ்யப் பெயர்கள் ஏறாது. கொஞ்ச நாள் காலையில் படித்துப் பாருங்கள்.

பெயர்க் குழப்பத்துக்குச் சின்ன வைத்தியம் ஒன்று உண்டு. 'குற்றமும் தண்டனையும்' நாயகனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஸ்கோல்னிகவ் குடும்பப் பெயர். ரோடியான் சொந்தப் பெயர். ரொமானோவிச் என்றால் ரொமானின் மகன். வீட்டார் கூப்பிடுவது ரோத்யா. நம் வீட்டில் சுப்பிரமணியன் மணியாகவும் சுப்புவாகவும் இருப்பதைப் போலத்தான். ஒரு துண்டுச்சீட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதிப் பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக், அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், 1992இல் எழுதிய புத்தகத்தில் வாசகருக்கு 10 உரிமைகளைப் பட்டியலிட்டார். படிக்காமல் இருப்பது, பக்கங்களைத் தாண்டிப் போவது, முடிக்காமல் விடுவது என்றுதான் அது தொடங்குகிறது.

ஒன்றே ஒன்றில் எச்சரிக்கை. புத்தகம் மட்டுமில்லாமல் பாட்டு, சாப்பாடு, மகளோடு பேச்சு என்று எதிலுமே ருசி இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது இலக்கியப் பிரச்சினை கிடையாது. மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காக்கி அட்டையைத் திறந்தால் அழுகை வருகிறது என்கிறீர்கள். வரட்டும்.

அந்த டிக்குகள்

உங்கள் அப்பாவின் பென்சில் குறிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அவை ரசித்த இடங்கள் என்று நீங்களாக முடிவு செய்திருக்கிறீர்கள். அப்பா அப்படிச் சொன்னதாக எங்கேயும் இல்லை. வாக்கியத்துக்கு நடுவில் யாராவது ரசித்து டிக் போடுவார்களா? அவர் நடத்துநர். சட்டைப் பையிலோ காதிலோ எப்போதும் எழுதுகோல் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் அடுத்த டிரிப்புக்குப் பத்து நிமிடமோ கால் மணியோ கிடைக்கும். ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வந்து ஹாரன் அடிப்பார். படித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு டிக், அப்புறம் விசில். அந்த வாக்கியத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை, பஸ் கிளம்பிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இது ஊகம்தான். ஆனால் நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு டிக்குகளுக்கு நடுவில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏறக்குறைய ஒரே அளவாக, இரண்டோ மூன்றோ பக்கமாக வந்தால் நான் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் நீங்கள் ஏன் இரண்டாம் பாகத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும். கல்கி அந்த நாவலை 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை வருடம், வாரம் வாரமாக எழுதினார். ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற இடத்தில் ஒரு கதவு தட்டப்படும், ஒரு நிழல் நகரும், ஓர் அலறல் கேட்கும். அடுத்த வியாழனோ வெள்ளியோ கடைக்காரரிடம் புத்தகம் வரும்வரை அது மனசில் கிடந்து ஊறட்டும் என்று வைத்த புள்ளி அது. போன வாரம் தவறவிட்டவருக்காகக் கதையை மறுபடி நினைவூட்டிக்கொண்டும் போவார். இதை நீங்கள், அப்பா தைத்து வைத்த தொகுப்பாக, ராத்திரிக்கு 15 அத்தியாயம் என்ற கணக்கில் படிக்கிறீர்கள். ஒரே இரவில் 15 கதவு தட்டினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? தீபாவளிப் பலகாரத்தை ஒரே வேளையில் தின்றுவிட்டு நெய் திகட்டுகிறது என்று சொல்வது மாதிரிதான்.

உங்கள் அப்பா படித்த வேகத்தில் ஒரு முறை படித்துப் பாருங்களேன். ஒரு டிக்கிலிருந்து அடுத்த டிக் வரை, அவ்வளவுதான். மூடி வைத்துவிடுங்கள். மீதி நாளைக்கு. நாவல் தொடங்குவதே உங்கள் மாவட்டத்தில்தான். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த வீரநாராயண ஏரிதான் நம் வீராணம். அந்த ஏரிக்கரையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே உங்கள் அப்பா சம்பாதித்திருக்கிறார். அவருக்கு அந்தக் கதை எங்கேயோ சோழ தேசத்தில் நடந்ததாக இருந்திருக்காது, தன் ரூட்டில் நடந்ததாக இருந்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் நாவல் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதில் துரோகம் எங்கே வந்தது? அப்பாவுக்குக் கசப்பான பாகற்காய்க் குழம்பு பிடித்திருந்தால் உங்களுக்கும் பிடித்தாக வேண்டுமா? அவர் படித்த இடங்களில் உட்கார்ந்து படிக்கலாம். அவர் ரசித்ததையே ரசித்தாக வேண்டும் என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது?

பிடித்தமாதிரி பேசிவிட்டு வருவது சுலபமாகத் தெரியும். பேசி முடித்ததும் யாராவது ஒருவர் "உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடித்தது?" என்று கேட்பார். அங்கே ஒரு பொய் தேவைப்படும். அடுத்த மாதம் அடுத்த புத்தகம், அடுத்த பொய். பொழுதுபோக்குக்காகச் சேர்ந்த இடத்தில் இன்னொரு அலுவலகம் நடத்த வேண்டிவரும். வேண்டாம்.

விலகுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் திரும்பி வரும்போது கடலூர் பஸ்ஸில் இன்னொரு உறுப்பினரோடு பேசிக்கொண்டு வரும் அந்த ஒரு மணி நேரம்தான் மாதத்திலேயே நல்ல நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக அதை விட்டுக்கொடுப்பது நஷ்டம். விலகுவதாக இருந்தால் பேசிவிட்டு விலகுங்கள். சிரிப்புக்குப் பயந்து விலகினால் அந்தச் சிரிப்புதான் கடைசியாகக் காதில் நிற்கும்.

ஆகவே உள்ளதைச் சொல்லுங்கள் என்பேன். எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

'பிரசங்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை வந்தபோது தமிழ்நாடே இரண்டுபட்டது. மழையில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டு ஒருவனிடம் சிக்கிய கல்லூரிப் பெண் வீட்டுக்கு வருகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். அதற்காகத்தான் அவ்வளவு எதிர்ப்பு. அந்த அம்மா அப்படிச் சொல்லாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் 1970இல் புத்தகமாக வந்த நாவல். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அன்றைக்கு ஜெயகாந்தன் ஊரோடு வழக்காடிக்கொண்டிருந்தார், அதனால் நீளமாக வாதாட வேண்டியிருந்தது. உங்களுக்கோ அந்தப் பெண்மேல் தவறு இல்லை என்பதில் சந்தேகமே கிடையாது. ஜெயித்து முடிந்த வழக்கின் வாதத்தை 50 வருடம் கழித்து உட்கார்ந்து படிக்கிறீர்கள். சலிப்பு வருவது நியாயம்தான். சில இடங்கள் எனக்குமே நீளம்.

ஆனால் உங்களுக்கு வந்தது சலிப்பு மட்டுமில்லை. "அவனையே போய்த் தேடுகிறாளே இந்தக் கங்கா, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெங்கு மாமா வருகிற பக்கங்களில் புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காத புத்தகத்தின் மேல் யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள், மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். உங்கள் 15 நிமிடம் அந்தக் கோபத்தைப் பற்றியதாக இருக்கட்டும். இரண்டு இடங்களை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். பிரசங்கமாகத் தோன்றிய ஒரு பத்தி, ஆத்திரம் வந்த ஒரு பத்தி. "நாவல் மோசம்" என்று முடிக்காமல், "இந்த இடத்தில் எனக்கு இப்படி ஆயிற்று" என்று சொல்லுங்கள். தீர்ப்பாகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். தனக்கு நேர்ந்ததாகச் சொன்னால் அதோடு சண்டை போடுவது கஷ்டம்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் ஒரு சோதனை செய்தார். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். கூட இருந்தவர்கள் எல்லாரும், முன்னேற்பாட்டின்படி, வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள். கண்ணுக்கு நேராகத் தெரிவதை மறுத்துக் கூட்டத்தோடு ஒருமுறையாவது ஒத்துப்போனவர்கள் நான்கில் மூன்று பேர். அதே கூட்டத்தில் சரியாகச் சொல்லும் ஒரே ஒரு ஆளை உட்கார வைத்ததும் அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்தவர்களில் எத்தனை பேர் நாவலை முடித்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பேசிய பிறகு ஒருவராவது தயங்கித் தயங்கி "எனக்கும்..." என்று ஆரம்பித்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்த மூத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. 1970களில் இளைஞராக அந்த நாவலைப் படித்துக் கலங்கியவராக இருக்கலாம். நீங்கள் புத்தகத்தைக் குறை சொன்னது அவருக்குத் தன் இளமையைக் குறை சொன்னதாகக் கேட்டிருக்கும். புரிந்துகொள்ளலாம். ஆனால் மாத நாவல் கிண்டலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புத்தகத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், படித்தவரைப் பற்றிப் பேசக்கூடாது என்று வட்டத்தில் சொல்லிவிடும்படி ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். அப்புறம் அந்த ஊர்ப் பெருமை. ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார், புதுமைப்பித்தன் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஊர்க்காரர் என்பதற்காக இரண்டு பேரையும் பிடித்தே ஆகவேண்டும் என்றால் கடலூர்க்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அந்தத் தொகுப்பு நைந்து உதிர்கிறது, செலோடேப் ஒட்டலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஒட்டாதீர்கள். நாலைந்து வருடத்தில் பசை பழுப்பேறி, பிரித்தால் தாளின் மேல்தோலும் சேர்ந்து உரிந்து வரும். ஓரமாக ஒட்டினால் பென்சில் டிக்குகள்தான் முதலில் போகும். சணலை அவிழ்க்காமல் அப்படியே ஒரு அட்டைப்பெட்டியில் படுக்கை வாட்டில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துக்கொண்டால், பஸ்ஸில் போகும்போது அதிலிருந்தே படிக்கலாம். அடுத்த டிக் வரும்வரை.